ஜெர்மனி போகும் நர்ஸுக்கு வரி எண் யார் தருவார்கள்?

கேள்வி:

நான் மார்த்தாண்டத்துக்காரி. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மன் பி2 பாஸாகி, என் படிப்புக்கான அங்கீகாரமும் வந்து, ஷ்டுட்கார்ட் நகரில் வேலை உறுதியாகிவிட்டது. முதலில் நான் மட்டும் போகிறேன். ஆறேழு மாதத்தில் கணவரும் நான்கு வயது மகளும் வருவார்கள்.

வேலை தரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மெயிலில் பல விவரங்களோடு ‘ஷ்டோயர்-ஐடி’ என்ற வரி எண்ணும் கேட்டிருந்தார்கள். ‘அது இல்லாவிட்டால் சம்பளத்தில் பாதியை வரியாகப் பிடித்துவிடுவார்கள். பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தால் போகும் முன்பே வாங்கித் தருகிறோம்’ என்கிறார் இங்கே ஓர் ஏஜென்ட். ஏற்கெனவே அங்கே இருக்கும் தோழி ஒருத்தி, ‘ரெஜிஸ்டர் பண்ணும்போது மதம் என்ற இடத்தில் எதையாவது எழுதினால் அதற்கும் வரி’ என்று பயமுறுத்துகிறாள். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். பணம் கட்டலாமா? என் பான் கார்டு என்ன ஆகும்? தயவுசெய்து விளக்குங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மார்த்தாண்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, அந்தப் பதினைந்தாயிரத்தைக் கட்டாதீர்கள். ஷ்டோயர்-ஐடி இலவசம். உங்கள் நிலையில் இருப்பவர் அதற்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டியதே இல்லை. ஊர்விட்டுப் போகும் முன்பு அதை யாராலும் வாங்கித் தரவும் முடியாது. ஜெர்மனியில் நீங்கள் குடியிருக்கும் முகவரியை அரசிடம் பதிந்தால் அந்த எண் தானாகத் தபாலில் வரும். ஆகவே உங்கள் கவனமெல்லாம் முகவரிப் பதிவில்தான் இருக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது?

புது வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும் என்பது ஜெர்மனியின் சட்டம். இதற்கு ‘அன்மெல்டுங்’ என்று பெயர். ஷ்டுட்கார்ட்டில் ‘பியூர்கர்பியூரோ’ என்ற அலுவலகத்தில் இதைச் செய்ய வேண்டும். தாமதித்தால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பெரிய நகரங்களில் அப்பாயிண்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. டிக்கெட் போட்ட கையோடு நகராட்சியின் இணையதளத்தில் நேரம் பதிந்துவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டித்தான் நேரம் கிடைக்கிறது என்றால், அப்பாயிண்ட்மென்ட் கேட்ட தேதிக்கான சான்றைக் கையில் வைத்திருங்கள்.

அங்கே கொண்டுபோக வேண்டியவை மூன்று: பாஸ்போர்ட், பூர்த்தி செய்த பதிவுப் படிவம், ‘இவர் இந்த வீட்டில் இன்ன தேதியில் குடியேறினார்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிப் படிவம். இந்த மூன்றாவது 2015 நவம்பர் 1 முதல் கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் அதற்கு ஈடாக ஏற்கமாட்டார்கள். ஆஸ்பத்திரியின் ஊழியர் விடுதியில் தங்குவதானால் நிர்வாகமே அந்தப் படிவத்தைத் தரவேண்டும். இப்போதே மெயில் எழுதி, வந்து சேரும் நாளில் அது கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். தற்காலிகமாக யாராவது தெரிந்தவர் வீட்டில் தங்குவதானால், அவர் அதில் கையெழுத்துப் போடுவாரா என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். குடியிருக்காத வீட்டின் முகவரியைக் காசு வாங்கிக்கொண்டு தருகிறவர்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நீங்கள் பதிந்ததும் அந்த விவரம் பான் நகரிலுள்ள மத்திய வரி அலுவலகத்துக்கு மின்னணு வழியில் போகும். அங்கே உங்களுக்கு 11 இலக்க எண் ஒன்று ஒதுக்கப்படும். நம் பான் எண்ணைப் போல இதுவும் ஆயுளுக்கும் ஒன்றுதான். ஊர் மாறினாலும், வேலை மாறினாலும், திருமணமாகிப் பெயர் மாறினாலும் எண் மாறாது. சில ஆண்டுகள் இந்தியா வந்துவிட்டுத் திரும்பப் போனாலும் அதே எண்தான். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கடிதம் வந்துவிடும்.

தபால் பெட்டியில் மூன்று பெயர்கள்

கடிதம் வராமல் போவதற்கு நம்மவர்கள் விஷயத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. ஜெர்மனியின் அடுக்குமாடிக் கட்டடங்களில் பொதுவாக வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. வாசலில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லாவிட்டால் ‘ஆள் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து ‘சர்நேம்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் அப்பா பெயர் இருக்கக்கூடும். அப்படியானால் கடிதம் ‘ஃப்ராவ்’ என்ற அடைமொழியோடு உங்கள் அப்பா பெயருக்குத்தான் வரும். எல்லோரும் உங்களைக் கூப்பிடும் பெயரைப் பெட்டியில் ஒட்டிவைத்தால் பயனில்லை. உங்கள் கணவர் வந்ததும் அவருடைய குடும்பப் பெயர் அவரது அப்பா பெயராக இருக்கும். மகளின் பாஸ்போர்ட்டில் கணவரின் பெயரே குடும்பப் பெயராக இருக்கலாம். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்! ஜெர்மானியருக்கு இது புரியாது. மூன்றையும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலோடு பெட்டியிலும் அழைப்பு மணிப் பலகையிலும் எழுதி ஒட்டுங்கள். கணவருக்கும் மகளுக்கும் தனித்தனியாக இதே போல 11 இலக்க எண் வரும், நான்கு வயதுக் குழந்தைக்கும் உண்டு. மூன்று கடிதங்களும் தவறாமல் வந்து சேர அந்தச் சின்னத் துண்டுச் சீட்டு அவசியம்.

இன்னொருவர் வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால் அவர் பெயருக்குக் கீழே உங்கள் குடும்பப் பெயரையும் ஒட்ட அனுமதி கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அங்கே அது சாதாரணம்.

நான்கு வாரத்துக்கு மேலாகியும் கடிதம் வரவில்லையா? மத்திய வரி அலுவலகத்தின் இணையதளத்தில் ‘எண்ணை மறுபடி அனுப்புங்கள்’ என்று கேட்கும் படிவம் உண்டு. அதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் தகவல் பாதுகாப்பு காரணமாக போனிலோ மெயிலிலோ எண்ணைச் சொல்லமாட்டார்கள், பதிந்த முகவரிக்குத் தபால்தான் வரும். அவசரமென்றால் பாஸ்போர்ட்டையும் பதிவுச் சான்றையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் வரி அலுவலகமான ‘ஃபினான்ஸ்அம்ட்’டுக்கு நேரில் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

பாதிச் சம்பளம் போய்விடுமா?

ஏஜென்ட் சொன்னதில் பயமுறுத்தல் முக்கால் பங்கு, உண்மை கால் பங்கு. அந்தக் கால் பங்கை விளக்குகிறேன்.

ஜெர்மனியில் சம்பளக்காரர்களுக்கு 1 முதல் 6 வரை வரி வகுப்புகள் உண்டு. ஆஸ்பத்திரியின் சம்பளப் பிரிவில் உங்கள் ஷ்டோயர்-ஐடியையும் பிறந்த தேதியையும் கணினியில் தட்டினால், வரித்துறையிலிருந்து உங்கள் வகுப்பு, குழந்தை விவரம், சர்ச் விவரம் எல்லாம் வந்துவிழும். 2013-இல் பழைய வரி அட்டைக்குப் பதிலாக வந்த முறை இது. எண் இல்லாவிட்டால் அவர்களால் எதையும் பார்க்க முடியாது. எண்ணைத் தராதது உங்கள் தவறு என்றால் ஆறாம் வகுப்பில் வரி பிடிப்பார்கள். அந்த வகுப்பில் அடிப்படை விலக்கு கிடையாது. 2025-இல் ஒருவருக்கு ஆண்டுக்கு 12,096 யூரோ வரை வரி இருக்கவில்லை. ஆறாம் வகுப்பில் அந்தச் சலுகையைப் பார்க்காமல் முதல் யூரோவிலிருந்தே பிடிப்பார்கள். இதோடு ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு முதலியவற்றுக்காக சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள்தான் ‘பாதி போச்சு’ என்று சொல்லியிருப்பார்கள்.

ஆனால் கடிதம் வராதது உங்கள் தவறில்லை என்றால், மூன்று மாதம் வரை உங்களுக்கு உரிய வகுப்பிலேயே பிடித்தம் செய்ய வருமான வரிச் சட்டம் சம்பளப் பிரிவுக்கு இடம் தருகிறது. எனவே பதிவு முடிந்த அன்றே பதிவுச் சான்றின் நகலை அனுப்பி, ‘பதிந்துவிட்டேன், எண் இன்னும் வரவில்லை, வந்தவுடன் தருகிறேன்’ என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆறாம் வகுப்பில் பிடித்தே விட்டாலும் பணம் மூழ்கிப்போகாது. எண் வந்தபின் சம்பளப் பிரிவு திருத்தும், இல்லாவிட்டால் ஆண்டு முடிந்ததும் வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

கணவர் இந்தியாவில் இருக்கும்வரை, மணமானவராக இருந்தும் உங்களுக்கு முதல் வகுப்புதான். அவர் வந்து ஒரே முகவரியில் பதிந்ததும் இருவருக்கும் நான்காம் வகுப்பு வரும். அவர் வேலைக்குப் போகும்வரை உங்களுக்கு மூன்று, அவருக்கு ஐந்து என்று மாற்றித் தரக் கேட்கலாம். மாதாமாதம் கையில் வரும் தொகை கணிசமாகக் கூடும். இன்னொன்று, அவர் டிசம்பரில் வந்து சேர்ந்தாலும் அந்த ஆண்டு முழுமைக்கும் இருவரும் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்ய வழியுண்டு. அப்போது அந்த ஆண்டில் அவர் இந்தியாவில் வாங்கிய சம்பளத்தையும் காட்ட வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு ஜெர்மனியில் வரி போடமாட்டார்கள், உங்கள் வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் கிளம்பும் ஆண்டின் ஜனவரி முதல் வாங்கிய சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மதம் என்ற கட்டம்

உங்கள் தோழி சொன்னது உண்மை. கத்தோலிக்க சபையும் புராட்டஸ்டன்ட் மாநிலத் திருச்சபைகளும் தங்கள் உறுப்பினர்களிடமிருந்து வரி பெற ஜெர்மனியில் உரிமை உண்டு. அதை அரசே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கிறது. பாடன்-வுர்ட்டெம்பெர்க், பவேரியா மாநிலங்களில் இது 8 விழுக்காடு, மற்ற மாநிலங்களில் 9. ஷ்டுட்கார்ட் பாடன்-வுர்ட்டெம்பெர்க்கில் இருப்பதால் உங்களுக்கு 8.

பலர் இதைச் சம்பளத்தில் 8 விழுக்காடு என்று நினைத்துப் பதறுகிறார்கள். நீங்கள் கட்டும் வருமான வரியில்தான் 8 விழுக்காடு. ஒரு மாதம் உங்கள் வருமான வரி 400 யூரோ என்றால் சர்ச் வரி 32 யூரோ. ஆண்டுக் கணக்கில் இந்தத் தொகையைச் செலவாகக் காட்டவும் சட்டம் அனுமதிக்கிறது.

பொய் எழுதச் சொல்லி உங்களுக்கு அறிவுரை கூறமாட்டேன். ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் என்பதை மறைத்து, பின்னாளில் மகளின் முதல் நற்கருணைக்கோ ஞானஸ்நானச் சான்றுக்கோ பங்குக்குப் போய் நிற்கும்போது அது வெளிவந்தால், பின்தேதியிட்டு வரி கேட்கவும் வாய்ப்பு உண்டு. இந்த வரி வேண்டாம் என்று முடிவு செய்பவர்களுக்குச் சட்டப்படியான வழி, அரசு அலுவலகத்தில் சபையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுப்பது. ஜெர்மனி கத்தோலிக்கச் சபை அதைப் பெரிய விஷயமாகப் பார்க்கிறது, திருவருட்சாதனங்கள் பெறுவதிலும் சிக்கல் வரும். இது வரி ஆலோசகர் தீர்மானிக்கும் காரியமில்லை. கணவரோடு உட்கார்ந்து பேசி, கிளம்பும் முன்பே முடிவெடுங்கள். கவுன்டரில் நின்று அவசரத்தில் நிரப்பும் கட்டமாக அது இருக்கக்கூடாது.

ஒன்றல்ல, நான்கு எண்கள்

முதல் இரண்டு மாதத்தில் உங்கள் பெட்டியில் நிறையக் கடிதங்கள் விழும். ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

11 இலக்கம், தொடர்ச்சியாக, எழுத்து எதுவும் கலக்காமல் இருந்தால் அதுதான் ஷ்டோயர்-ஐடி. 12 இடங்களில் நடுவே ஓர் எழுத்து இருந்தால் அது ஓய்வூதியக் காப்பீட்டு எண், அதற்குள் உங்கள் பிறந்த தேதியும் இருக்கும். சாய்கோடு போட்டுப் பிரித்து எழுதியிருப்பது ‘ஷ்டோயர்நும்மர்’. நீங்கள் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது உள்ளூர் வரி அலுவலகம் தருவது இது. வேறு அலுவலகத்தின் எல்லைக்குக் குடிபோனால் மாறும். ஷ்டோயர்-ஐடி கேட்கும் இடத்தில் இதை எழுதிவிட்டு, ‘எண் தப்பு’ என்று திரும்பி வருவது அடிக்கடி நடக்கும் தவறு. நான்காவது, வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்துக்கான எண். வீட்டுக்கு ஒரு கட்டணம், மாதம் 18.36 யூரோ. டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். உடன் தங்குபவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள், உங்களிடம் தனியாக வாங்கமாட்டார்கள்.

ஷ்டோயர்-ஐடி கடிதம் வந்ததும் ஒரு நகலெடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், மூலத்தை பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஃபேஸ்புக் குழுவில் படமாகப் போடாதீர்கள். ‘உங்களுக்கு ரீஃபண்ட் இருக்கிறது, இங்கே அழுத்துங்கள்’ என்று மத்திய வரி அலுவலகத்தின் பெயரில் வரும் மெயில்கள் மோசடி. அந்த அலுவலகமே இது பற்றி எச்சரித்திருக்கிறது.

மகளுக்குக் கிடைக்க வேண்டிய பணம்

மகள் உங்களோடு வந்து பதிந்ததும் ‘கிண்டர்கெல்ட்’ என்ற குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 2025-இல் இது மாதம் 255 யூரோவாக இருந்தது. திறன் பெற்ற பணியாளருக்கான குடியிருப்பு அனுமதியில் இருக்கும் உங்களுக்கு இதில் உரிமை உண்டு. விண்ணப்பத்தில் உங்கள் ஷ்டோயர்-ஐடி, மகளுடைய ஷ்டோயர்-ஐடி இரண்டும் கேட்பார்கள். தள்ளிப்போடாதீர்கள். தாமதமாக விண்ணப்பித்தால் ஆறு மாதத்துக்கு மட்டுமே பின்தேதியிட்டுத் தருவார்கள், அதற்கு முந்தையது போனது போனதுதான்.

பான் கார்டு என்ன ஆகும்?

பான் எண் அப்படியே இருக்கும், எங்கும் ஒப்படைக்க வேண்டாம். வருமான வரி இணையதளத்தில் ‘வெளிநாட்டில் வசிப்பவர்’ என்று நிலையை மட்டும் மாற்றுங்கள். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமக்களுக்கு, அந்த நிதியாண்டில் இந்தியாவில் இருந்தது 182 நாளுக்குக் குறைவு என்றால் அந்த ஆண்டே வெளிநாட்டில் வசிப்பவர் கணக்கில் வரலாம்.

உங்கள் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அப்போது நம் ஊர் வங்கியே, நீங்கள் வரி கட்டும் நாட்டின் வரி எண்ணைக் கேட்கும். அங்கே எழுத வேண்டியது இந்த ஷ்டோயர்-ஐடிதான். இந்தியாவும் ஜெர்மனியும் 2017 முதல் வங்கிக் கணக்கு விவரங்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் பலர் அதை மறந்தே விடுகிறார்கள். ஜெர்மனியில் வசிப்பவர் உலகில் எங்கே சம்பாதித்த வட்டியையும் அங்கே காட்ட வேண்டும். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,000 யூரோ, தம்பதிக்கு 2,000 யூரோ வரை முதலீட்டு வருமானத்துக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் 25 விழுக்காடும், அந்த வரியின் மீது சிறு கூடுதல் வரியும். ஊரில் எஃப்.டி. போடும் முன் இதையும் கணக்கில் எடுங்கள்.

கடைசியாக, அந்தப் பதினைந்தாயிரத்தை எங்கே செலவிடலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். திருமணப் பதிவுச் சான்றையும் மகளின் பிறப்புச் சான்றையும் எடுத்து, பெயர்கள் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் ஊரில் இருக்கும்போதே திருத்துங்கள், அங்கே போனபின் இதற்காக அலைவது கடினம். பிறகு ஜெர்மனியில் ஏற்கப்படும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டையும் மொழிபெயர்த்து வாங்குங்கள். கணவரின் விசாவுக்கும், வரி வகுப்பு மாறுவதற்கும், மகளின் உதவித்தொகைக்கும் அந்த இரண்டு தாள்களும் தேவைப்படும். விமான டிக்கெட், அங்கீகாரக் கட்டணம், பி2 வகுப்புக் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வேலைக்காகச் செய்த செலவு என்று காட்ட முடிந்தவை ஆண்டுக்கு 1,230 யூரோவைத் தாண்டினால் வரி குறையும். ஆண்டு நடுவில் வேலையில் சேர்பவர்களுக்கு முதல் வரிக் கணக்கிலேயே நல்ல தொகை திரும்பி வருவதுண்டு. தாக்கல் செய்வதைத் தள்ளிப்போட்டுச் சோம்பி இருந்துவிடாதீர்கள்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.